கம்பி சொன்னதைக் காதில் வாங்கினார்களா?

மூடிய கைப்பிடி அளவுதான் மனிதனின் இருதயம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடையாது. பொங்கல் விடுமுறை கிடையாது. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாற்றிக்கொள்ள இன்னோர் ஆளும் கிடையாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை, ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடி தடவைக்கும் மேலாக அது சுருங்கி விரிகிறது. உடம்பில் உழைப்பாளி என்ற பெயருக்கு முழு உரிமை படைத்த உறுப்பு எது என்று கேட்டால், இருதயத்தைத்தான் நாம் காட்டுவோம்.

அந்த உழைப்பாளி வாய்மூடி உழைப்பதில்லை, பேசுகிறான். அவன் பேச்சு மின்சாரத்தில் நடக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறு மின் அலை இருதயத்தின் மேற்பகுதியில் பிறந்து, கீழ் அறைகளுக்கு ஓடி, தசையைச் சுருங்கச் செய்கிறது. அலை ஒழுங்காக ஓடினால் மனிதன் எழுந்து வேலைக்குப் போகிறான். அலை தடைப்பட்டால் மயங்கி விழுகிறான். அலை தாறுமாறாக அலைந்தால் சில நிமிடங்களில் செத்துப்போகிறான்.

அந்தப் பேச்சைக் கேட்பதற்காக இருதயத்தின் உள்ளேயே வைக்கப்படும் ஒரு கம்பியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். "இது டாக்டர்கள் விவகாரம். நம் பத்திரிகையின் தலையங்கத்தில் இதற்கென்ன இடம்?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். இடம் இருக்கிறது. அந்தக் கம்பியைப் படைத்தது உழைப்பும் மூளையும். அதை விற்பது வியாபாரம். அது அறுந்தால் அடி வாங்குவது நோயாளி. இந்த மூன்றுக்கும் நடுவே யார் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி நம்முடையது!

முதலில் கம்பியின் கதையைப் பார்ப்போம்.

இருதயத்தின் மின்சாரத்தை முதலில் வெளியே நின்றுதான் கேட்டார்கள். ஹாலந்து நாட்டு லைடன் நகரில் ஐந்தோவன் என்ற பேராசிரியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு யந்திரம் அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்குவதற்கு 5 பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஈ.சி.ஜி.யின் முன்னோர் அதுதான். 1924ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் தோலின் மேல் கிடைப்பது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். கதவுக்கு வெளியே நின்று வீட்டுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்பது போன்றது அது. உள்ளே, கீழ் அறையின் தசையைத் தொட்டுக்கொண்டு ஒரு மின்முனை இருந்தால் 5 முதல் 15 மில்லிவோல்ட் வரை கிடைக்கும். எலெக்ட்ரோடு என்று டாக்டர்கள் சொல்வது இந்த மின்முனையைத்தான். அங்கே கிடைப்பதும் ஒன்றும் பெரிய மின்சாரம் அல்ல. நம் வீட்டு டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரி 1,500 மில்லிவோல்ட். அதில் 100ல், 300ல் ஒரு பங்கு! அந்த முணுமுணுப்பை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் தவறில்லாமல் கேட்க வேண்டும். வேலை அவ்வளவு நுட்பமானது.

இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ரிப்பேர்க்காரர்!

ஏர்ல் பாக்கன் என்பது அவர் பெயர். 1949ல் மைத்துனருடன் சேர்ந்து ஒரு கார் கொட்டகையில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்தார். முதல் மாத வருமானம் 8 டாலர். கடைக்கு வைத்த பெயர் மெட்ட்ரானிக். அதே நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர் லில்லிஹை என்பவர் குழந்தைகளின் இருதயத்தைத் திறந்து ரண சிகிச்சை செய்துகொண்டிருந்தார். சிகிச்சைக்குப் பிறகு சில குழந்தைகளின் இருதயத்தில் மின் அலை தடைப்பட்டது. 1957 ஜனவரியில் இருதயத் தசையிலேயே ஒரு கம்பியைத் தைத்து, அதைத் தோல் வழியாக வெளியே கொண்டு வந்து, சுவர் மின்சாரத்தில் ஓடும் பெட்டியில் இணைத்தார்கள். குழந்தையின் உயிர் சுவரிலிருந்த பிளக்கில் தொங்கியது!

அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி மினியாபொலிஸில் மின்சாரம் நின்றது. பேட்டரியில் ஓடும் பெட்டி வேண்டும் என்றார் டாக்டர். ஒரு பத்திரிகையில் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட் — சங்கீதம் பயில்கிறவர்கள் தாளம் தவறாமல் இருக்க வைத்துக்கொள்ளும் கருவியின் சர்க்யூட் — பாக்கனின் நினைவுக்கு வந்தது. நான்கு வாரத்தில், டிரான்சிஸ்டர் வைத்து, கையடக்கமான பெட்டியைச் செய்து கொடுத்தார். பட்டறையில் பிறந்த அறிவு பல்கலைக்கழகத்துக்குக் கை கொடுத்தது.

மறு ஆண்டு, 1958 அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடன் நாட்டுத் தலைநகரில் பெட்டியையே உடம்புக்குள் வைத்துவிட்டார்கள். செய்தவர் எல்ம்க்விஸ்ட் என்ற என்ஜினீயர். பொருத்தியவர் சென்னிங் என்ற டாக்டர். கருவியை வார்ப்பதற்கு அச்சாக உதவியது என்ன தெரியுமா? ஒரு பூட்ஸ் பாலிஷ் டப்பா! அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றுக் கருவி வைத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்ட ஆர்னே லார்சன் தம் வாழ்நாளில் 26 பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, தம்மைக் காப்பாற்றிய என்ஜினீயருக்கும் டாக்டருக்கும் பின்னரும் உயிரோடிருந்து, 2001ல் 86ஆம் வயதில் காலமானார்.

பெட்டிக்கு வழி பிறந்தது. கம்பிதான் தொல்லை கொடுத்தது.

ஏன்? நம் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சூடேறி, களைத்து, பட்டென்று முறியும். இருதயக் கம்பி ஒவ்வொரு துடிப்பிலும் வளைகிறது. கையைத் தூக்கினால் வளைகிறது. மூச்சு விட்டால் வளைகிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடி வளைவு! போதாக்குறைக்கு அது கிடப்பது உப்புக் கலந்த ரத்தத்தில். மின்சாரம் பாயும்போது நேர்முனையில் எஃகு அரிக்கப்படுகிறது. உடம்போ, அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று முனையைச் சுற்றித் தழும்புத் திசுவால் சுவர் எழுப்புகிறது. சுவர் தடிக்கத் தடிக்க, கேட்கும் ஒலி மங்குகிறது.

ஒவ்வொரு தொல்லைக்கும் ஒவ்வொரு விடை கண்டார்கள். 1959ல் டாக்டர் ஹன்டரும் மெட்ட்ரானிக் என்ஜினீயர் ராத்தும் ஒரு மின்முனை செய்தார்கள். சிலிக்கோன் ரப்பர் தகட்டில் நாட்டிய இரண்டு எஃகு ஊசிகள், அவ்வளவுதான்! அதைத் தசையில் பதித்ததும் தேவைப்பட்ட மின்சாரம் வெகுவாகக் குறைந்தது. அதைப் பெற்ற முதியவர் ஒருவர் ஏறத்தாழ 7 ஆண்டு வாழ்ந்தார். பிறகு அரிப்பைத் தாங்கும் பிளாட்டினம்–இரிடியம் கலவை வந்தது. நேர்க் கம்பி போய், சுருள் வில் போலச் சுற்றிய கம்பி வந்தது. நிக்கல், கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் நான்கும் சேர்ந்த உலோகத்தில் அதைச் சுற்றினார்கள். தழும்புச் சுவரைத் தடுக்க, முனையின் உள்ளே துளி மருந்தை வைத்து, அது மெல்ல மெல்லக் கசியும்படி 1980களில் செய்தார்கள். வழவழப்பான முனையைவிடச் சொரசொரப்பான முனை சிறு ஒலியைத் தெளிவாகப் பிடிக்கும் என்று கண்டு, டைட்டானியம் நைட்ரைடு பூசினார்கள். கண்ணுக்குக் கடுகளவு, அதன் நுண் துளைகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் பல மடங்கு பரப்பு!

எல்லா விடையும் முதல் தடவையே சரியாக வந்துவிடவில்லை. உறுதியானது என்று நம்பிப் போட்ட பாலியூரித்தேன் உறைகளில் சில 1980களில் உடம்புக்குள்ளேயே வெடிப்பு விட்டன. தவறு நேர்ந்தது என்பதற்காக விஞ்ஞானத்தை நாம் பழிக்க மாட்டோம். தவறு தெரிந்தது, திருத்தினார்கள், முன்னேறினார்கள். விஞ்ஞானம் நடக்கும் பாதை அதுதான்.

இந்த முன்னேற்றத்தில் ஒரு படியை நம் தோழர்கள் தனியே மனதில் வைக்க வேண்டும். முதலில் வந்த பேஸ்மேக்கர்கள் செவிடு! இருதயம் தானாகத் துடித்தாலும் துடிக்காவிட்டாலும், நிமிஷத்துக்கு இத்தனை என்று கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். இருதயம் சற்று ஓய்ந்து அடுத்த அடிக்குத் தயாராகும் நேரத்தில் அந்தக் கட்டளை குறுக்கே விழுந்தால், உயிர் காக்க வந்த கருவியே உயிருக்கு உலை வைக்கும் அபாயம் இருந்தது. 1960களின் நடுவில் பெர்க்கோவிட்ஸ் என்ற என்ஜினீயர் இதற்கு வழி கண்டார். கட்டளையிடும் அதே கம்பி, முதலில் கேட்கட்டும். இருதயம் தானே துடித்தால் கருவி சும்மா இருக்கட்டும். துடிப்புத் தவறினால் மட்டும் கை கொடுக்கட்டும். இன்று உலகெங்கும் உள்ள பேஸ்மேக்கர்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன.

கேட்ட பிறகே கட்டளை! அரசாங்கங்களுக்கும், ஆலை நிர்வாகங்களுக்கும், ஏன், கட்சிக் கமிட்டிகளுக்குமேகூட இது பொருந்தும் பாடம் அல்லவா?

1980 பிப்ரவரியில் இன்னொரு கருவி வந்தது. தாறுமாறான துடிப்பை மின்முனை கேட்டுச் சொன்னால், உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து இருதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதன்முதல் மனிதனுக்குப் பொருத்தப்பட்டது. எத்தனையோ குடும்பங்களுக்குத் தகப்பனையும் தாயையும் திருப்பிக் கொடுத்த கருவி அது. ஆனால் அதன் தீர்ப்பு முழுவதும் ஒரே ஒரு சாட்சியை நம்பியிருக்கிறது. அந்தச் சாட்சி, கம்பி. கம்பி உண்மை சொன்னால் உயிர் பிழைக்கும். கம்பி பொய் சொன்னால்?

இந்த இடத்தில்தான் கதை கசக்கத் தொடங்குகிறது.

கார் கொட்டகையில் 8 டாலர் சம்பாதித்த மெட்ட்ரானிக், உலகத்தின் மிகப் பெரிய மருத்துவக் கருவிக் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. 2004ல் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற புதிய கம்பியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முந்தைய கம்பியின் தடிப்பு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இது 2.2 மில்லிமீட்டர். மெல்லியது, ரத்தக் குழாயில் எளிதாக நுழையும் என்று டாக்டர்கள் விரும்பினார்கள். அந்த விருப்பத்தில் நியாயம் இருந்தது. ஆனால், பழைய அனுமதியோடு சேர்த்துக்கொள்ளும் மாறுதல் என்ற கணக்கில், மனிதர்களிடத்தில் தனியே சோதனை நடத்தாமலே அமெரிக்க அரசின் அனுமதி அதற்குக் கிடைத்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் உலகம் முழுவதும் சுமார் 2,68,000 பேர் நெஞ்சுக்குள் அது போய்விட்டது!

கம்பி முறியத் தொடங்கியது. முறிந்த முனைகள் உரசும்போது எழும் வெற்றுச் சத்தத்தை, இருதயத்தின் தாறுமாறான துடிப்பு என்று கருவி எண்ணிக்கொண்டது. நல்ல நினைவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு அதிர்ச்சி கொடுத்தது. ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து. அந்த அடியை வாங்கியவர்கள், நெஞ்சில் குதிரை உதைத்தது போலிருந்தது என்பார்கள். காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று அடித்த கதை!

முறிவைப் பார்த்துக் குரல் கொடுத்தவர் யார்? அதே மினியாபொலிஸ் நகரத்து இருதய டாக்டர் ராபர்ட் ஹவுசர். தம் ஆஸ்பத்திரியில் இந்தக் கம்பி எதிர்பார்த்ததைவிட விரைவில் முறிகிறது என்று கணக்கெடுத்தார். கம்பெனிக்குச் சொன்னார். 2007ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்த ஆண்டு மார்ச்சில் கம்பெனி டாக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பொருத்தும் முறையிலும் குறை இருக்கலாம் என்றது கடிதம். விற்பனை தொடர்ந்தது.

தோழர்களே, இந்தப் பல்லவியை நீங்கள் கேட்டதில்லையா? யந்திரத்தில் கை போனால், "ஆள் கவனமாக இல்லை" என்பார்கள். பாய்லர் வெடித்தால், "ஓட்டியவன் தவறு" என்பார்கள். கம்பி முறிந்தால், "பொருத்தியவர் கையைப் பாருங்கள்" என்றார்கள். ஊர் வேறு, கடல் வேறு, பல்லவி ஒன்று!

2007 அக்டோபர் 15ஆம் தேதி கம்பெனியே விற்பனையை நிறுத்தியது. முறிவு காரணமாக நேர்ந்திருக்கலாம் என்று அன்று அது குறிப்பிட்ட சாவுகள் 5. மின்வெட்டு நாளில் பாக்கனுக்கு அந்த வேலை பிறந்து ஏறத்தாழ 50 ஆண்டுகள். அதே நகரம், அதே கம்பெனி! கொட்டகைக் காலத்தில் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். நான்கு வாரத்தில் வேலை முடிந்தது. கோபுரக் காலத்தில் டாக்டர் கணக்கெடுத்து, எழுதிக் காட்டிய பிறகும் மாதங்கள் கழிந்தன. கொட்டகையில் இருந்த காது கோபுரத்தில் எங்கே போயிற்று என்று நாம் கேட்கிறோம்!

கம்பெனி தரப்பில் சொல்லப்படுவதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பொருத்தப்பட்டவற்றில் முறிந்தது சிறு பங்குதான் என்பது உண்மை. ஒரு சில முறிவுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கடினம் என்பதும் உண்மை. நல்ல நிலையில் உள்ள கம்பியைப் பயத்தால் பிடுங்குவது, அதை விட்டு வைப்பதைவிட ஆபத்தாக முடியலாம் என்பதும் உண்மை. தழும்போடு தழும்பாக ஒட்டிக்கிடக்கும் கம்பியை இழுத்தால் ரத்தக் குழாய் கிழியக்கூடும். 2008ல், கம்பி முறியத் தொடங்குவதை முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏற்பாட்டைக் கருவிக்குள்ளேயே கம்பெனி சேர்த்தது. அது நல்ல வேலை, பாராட்டுகிறோம். ஆனால் கேட்கும் காது கம்பிக்கு முன்னால் நிர்வாகத்துக்கு வந்திருக்க வேண்டும். சிறு பங்கு என்பது கணக்குப் புத்தகத்தில்தான் சிறு பங்கு. அடி வாங்கியவனுக்கு இருப்பது ஒரே இருதயம்!

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். அங்கே என்ன நடந்தது? 2008 பிப்ரவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அதே கம்பெனியின் வேறொரு கருவி பற்றிய வழக்கில், 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் முழு அனுமதி பெற்ற கருவியில் குறை இருக்கிறது என்று மாகாணச் சட்டத்தின் கீழ் வழக்காட முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பைக் காட்டி, 2009 ஜனவரியில் ஃபிடெலிஸ் வழக்குகளும் தள்ளப்பட்டன. அப்பீலுக்குப் போன பிறகு, 2010ல், சுமார் 8,100 பேருக்காக 26.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது கம்பெனி.

அனுமதி கொடுக்கும்போது, "சிறு மாறுதல்தானே" என்று கதவைத் திறந்தார்கள். நியாயம் கேட்டு வந்தவனிடம், "முழு அனுமதி பெற்ற கருவியாயிற்றே" என்று கதவை அடைத்தார்கள். நுழைவதற்கு ஒரு கதவு, பொறுப்புக்கு இன்னொரு கதவு. இது என்ன நியாயம்?

இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பேஸ்மேக்கரோடு நடமாடுகிறவர்கள் இன்று நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். இந்திய அரசு 2015ல் மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைக் கவனிக்க ஒரு திட்டம் தொடங்கியது. காஜியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. மருத்துவக் கருவி விதிகள் 2017ல் இயற்றப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. வரவேற்கிறோம். ஆனால் ஏட்டில் இருக்கும் திட்டம் இருதயத்தில் இருக்கும் கம்பியைக் கேட்காது. கேட்க வேண்டியவர்கள் மனிதர்கள். எழுத வேண்டியவர்கள் டாக்டர்கள். எழுதியதை ஊரறியச் செய்ய வேண்டியது அரசு.

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: எந்தக் கருவி, எந்தக் கம்பி, எந்த எண் தன் நெஞ்சில் இருக்கிறது என்பதை எழுதிய சீட்டு ஒவ்வொரு நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும். அவன் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

இரண்டு: எங்கே எது முறிந்தாலும் அது ஒரே பொதுக் கணக்கில் பதிவாக வேண்டும். அந்தக் கணக்கைக் கம்பெனி மட்டும் பார்த்தால் போதாது. நாடே பார்க்க வேண்டும்.

மூன்று: "சிறு மாறுதல்" என்று வரும் கம்பிக்கும் பெரும் சோதனை வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட மெலிந்த கம்பி புதுக் கம்பிதான். அதை எந்தத் தொழிலாளியும் சொல்லிவிடுவான்.

நான்கு: பழுதான கம்பியை மாற்றும் செலவு செய்தவன் தலையில் விழ வேண்டும், சுமந்தவன் தலையில் அல்ல. தாலியை விற்று ஒரு தடவை இருதயத்தைக் காப்பாற்றிய குடும்பம், கம்பெனியின் தவறுக்காக இரண்டாம் தடவை எதை விற்கும்?

விஞ்ஞானத்தின் மீது நமக்குக் கோபம் இல்லை. பூட்ஸ் பாலிஷ் டப்பாவில் வார்த்த கருவியில் தொடங்கி ஒரு மனிதனை மேலும் 43 ஆண்டு வாழவைத்த கைகளை நாம் வணங்குகிறோம். கம்பியே இல்லாமல், முழுவதும் இருதயத்துக்குள்ளேயே அடங்கிவிடும் சின்னஞ்சிறு பேஸ்மேக்கர்களும் இப்போது வந்துவிட்டன, அவற்றையும் வரவேற்கிறோம். நாளை இன்னும் நல்லது வரும். வரட்டும்! நாம் கேட்பது ஒன்றே.

இருதயத்தின் சின்னஞ்சிறு முணுமுணுப்பைக் கேட்கும் அளவுக்கு நுட்பமான காதைக் கருவிக்குப் படைத்துக் கொடுத்த மனிதன், அந்த இருதயத்தைச் சுமக்கும் சக மனிதன் "வலிக்கிறது" என்று கூவும்போது கேட்காமல் இருக்கலாமா?